ஃபோனிக்ஸ் 7000 காது மிஷின் சோதனைப் பெட்டி: மதுரை கிளினிக்கில் புழங்கியவள் எழுதும் விமர்சனம்

காது மிஷின் வாங்க வருகிறவர்கள் விலை கேட்பார்கள், சைஸ் கேட்பார்கள், எத்தனை சேனல், ப்ளூடூத் உண்டா, சார்ஜ் போடலாமா என்றெல்லாம் கேட்பார்கள். "இதை அளந்து பார்த்தீங்களா?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அளப்பதற்கென்று ஒரு கருவி இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால் இதை ஆடியாலஜிஸ்ட் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர்) நண்பர்களுக்கு மட்டும் எழுதவில்லை. வீட்டில் காது மிஷின் போடுகிற ஒருவர் இருந்தால் நீங்களும் படியுங்கள்.

மதுரையில் மெயின் ரோட்டுக்கு மேலே முதல் மாடியில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். காது பரிசோதனைக்கு ஓர் அறை, பேச்சுப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு பாய், மிஷின் சர்வீஸ் பார்க்க ஒரு மேஜை. அந்த மேஜையில்தான் ஃபோனிக்ஸ் 7000 இருக்கிறது. மூடப்போன ஒரு கிளினிக்கிலிருந்து பழையதாக வாங்கியது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து ஃப்ரை எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியின் தயாரிப்பு. இந்தியாவில் ஆடியாலஜி படித்தவர்களுக்கு ஃபோனிக்ஸ் என்ற பெயர் புதிதல்ல. மைசூர் அகில இந்தியப் பேச்சு, செவி நிறுவனத்து ஆய்வேடுகளைப் புரட்டினாலே கண்ணில் படும்.

பொருள் இரண்டு பாகம். திரையும் பிரிண்டரும் உள்ள மெயின் யூனிட் ஒன்று. மூடி போட்ட ஒலிப்பெட்டி இன்னொன்று. உள்ளே ஸ்பீக்கர், சுற்றிலும் ஃபோம். காது மிஷினிலிருந்து வரும் ஒலியை நேரே மைக்கில் பிடிப்பதில்லை. நடுவில் கப்ளர் என்று ஒரு உலோகத் துண்டு இருக்கும். அதன் உள்ளிடம் 2 கன சென்டிமீட்டர். காதுக்கு ஏற்ப வார்த்த அச்சைப் பொருத்திய பிறகு காதுக்குள் மிஞ்சும் இடத்துக்குப் பதிலாக வைத்துக்கொண்ட அளவு அது. 1942இல் பெல் ஆய்வகத்தின் ரோமனோ அதைப் பற்றி எழுதினார். இன்று வரை உலகம் முழுக்க மிஷின் பெட்டிக்குள் வரும் விவரத்தாளில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் அந்த 2 சிசி கப்ளரில் எடுத்தவைதான். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின் என்றால் எச்ஏ-2 கப்ளர், 25 மில்லிமீட்டர் ட்யூப். காதுக்குள் வைப்பது என்றால் எச்ஏ-1, சுற்றிப் புட்டி (களிமண் போல் பிசையும் பசை) வைத்து அடைக்க வேண்டும். புட்டியில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த அலைவரிசை ஒழுகிப் போய்விடும். அதை மட்டும் நிதானமாகச் செய்தால், மீதியைப் பெட்டி பார்த்துக்கொள்ளும்.

முதலில் வெறும் மைக்கைக் குறியிட்ட இடத்தில் வைத்து 'லெவல்' செய்ய வேண்டும். அந்த இடத்தில் எல்லா அலைவரிசையும் சம அளவில் வந்து சேரும்படி பெட்டி தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிறகு கப்ளரை மாட்டி, மிஷினின் மைக் துளை அதே புள்ளியில் இருக்கும்படி வைத்து மூட வேண்டும். டிஜிட்டல் மிஷினாக இருந்தால் அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் இணைத்து, இரைச்சல் குறைப்பு, விசில் தடுப்பு, திசை மைக் எல்லாவற்றையும் அணைத்து டெஸ்ட் செட்டிங்கில் போட வேண்டும். இல்லையென்றால் பெட்டி தரும் தொனியை 'இரைச்சல்' என்று நினைத்து மிஷின் அடக்கிவிடும். அப்போது நாம் அளப்பது மிஷினின் குணத்தை அல்ல, அதன் சாஃப்ட்வேர் எடுத்த முடிவை.

ஆன்சி எஸ்3.22 என்ற அமெரிக்கத் தரநிலைப்படி ஒரு பட்டனில் முழுச் சோதனையும் ஓடும். முதலில் 90 டெசிபல் ஒலி கொடுத்து மிஷின் அதிகபட்சம் எவ்வளவு கத்துகிறது என்று பார்க்கும். பிறகு 50 டெசிபல் கொடுத்து முழு கெயின், அதாவது உள்ளே போன ஒலியை மிஷின் எத்தனை டெசிபல் கூட்டுகிறது என்பது. அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். 1000, 1600, 2500 ஹெர்ட்ஸில் கிடைத்த அதிகபட்ச ஒலியின் சராசரியிலிருந்து 77ஐக் கழித்து, அந்த கெயினுக்கு மிஷினை இறக்கச் சொல்லும். ஏன் 77? சாதாரணப் பேச்சு 65 டெசிபல், அதன் உச்சங்கள் அதற்கு மேல் 12. அந்த உச்சம் மிஷினின் உச்ச வரம்பைத் தொட்டு நிற்கும் அளவு. அதாவது சோதனை நடப்பது ஒருவர் எதிரில் நின்று பேசும் நிலைமைக்குப் பக்கத்தில். இந்த நிலையில்தான் டிஸ்டார்ஷன் அளக்கிறோம்: 500, 800 ஹெர்ட்ஸில் 70 டெசிபல் கொடுத்து, 1600இல் 65 கொடுத்து.

டிஸ்டார்ஷன் என்றால் என்னவென்று ஒரு வார்த்தை. 500 ஹெர்ட்ஸ் தொனி ஒன்றை மட்டும் உள்ளே அனுப்புகிறோம். வெளியே 500 மட்டும்தான் வர வேண்டும். 1000, 1500 என்று நாம் கொடுக்காத தொனிகளும் கூட வந்தால், அவை மிஷின் தானாக உண்டாக்கியவை. அவற்றின் மொத்தம்தான் அந்த சதவீதம். 1 சதவீதம் என்றால் அந்தக் கூடுதல் ஒலி மூல ஒலியைவிட 40 டெசிபல் கீழே கிடக்கிறது, காதுக்கு உறைக்காது. 10 சதவீதம் என்றால் வெறும் 20 டெசிபல் கீழே. ஆ, ஓ போன்ற உயிரொலிகளை நாம் பிரித்து அறிகிற பகுதியில் போய் அது உட்காருகிறது. காது ஏற்கெனவே மங்கியவருக்கு அது எவ்வளவு கெடுதல் என்று யோசித்துப் பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மகளுடன் வந்தார். காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷின், 13 நம்பர் பேட்டரி. "பேசுறது கேக்குதும்மா. ஆனா எல்லாரும் கரகரன்னு பேசுறாங்க. என்ன சொல்றாங்கன்னு பிடிபட மாட்டேங்குது" என்றார். வாங்கின கடையில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்: "வயசாயிருச்சுல்ல சார், மூளை பழகணும். போடப் போடச் சரியாயிரும்." மூளை பழக வேண்டும் என்பது உண்மைதான், நானே பலரிடம் சொல்வேன். அந்த உண்மைக்குப் பின்னால் ஒரு கெட்டுப்போன மிஷின் ஒளிந்துகொள்ள முடியும் என்பதுதான் சிக்கல்.

பெட்டியில் வைத்தேன். அதிகபட்ச ஒலி 124, விவரத்தாளில் 126. கெயின் 2 டெசிபல் குறைவு. இரண்டுமே தரநிலை அனுமதிக்கும் எல்லைக்குள். இதோடு நிறுத்தியிருந்தால் 'மிஷின் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்திருக்கலாம். டிஸ்டார்ஷன் வரிசை வந்தது: 500இல் 14 சதவீதம், 800இல் 11, 1600இல் 3. விவரத்தாள் 500க்கும் 800க்கும் சொன்னது 3. அதற்கு மேல் இன்னும் 3 புள்ளி வரை விட்டுக்கொடுக்கத் தரநிலை இடம் தருகிறது. 14க்கு எந்த வழியிலும் இடமில்லை. புதுப் பேட்டரி போட்டுப் பார்த்தேன், அதே எண். ரிசீவரை, அதாவது மிஷினுக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கரை, மாற்றினோம். மிஷின் கீழே விழுந்தாலோ, வியர்வை ஈரம் உள்ளே இறங்கினாலோ அதற்குள் இருக்கும் மெல்லிய தகடு நடுநிலையிலிருந்து நகர்ந்துவிடும்; சத்தம் குறையாது, சுத்தம் போய்விடும். மாற்றிய பிறகு 500இல் 2 சதவீதம். மகள் பின்னால் நின்று சாதாரணக் குரலில், "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்றார். "காலையிலயே போட்டுட்டேனே" என்று இவர் திரும்பாமலே சொன்னார்.

சரி, இதை எந்தச் சோதனைப் பெட்டியும் சொல்லுமே, ஃபோனிக்ஸில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். விசேஷம் காம்போசிட் சிக்னல். ஒரு தொனியை மட்டும் அனுப்பாமல், 8000 ஹெர்ட்ஸ் வரை நூறு நூறு ஹெர்ட்ஸ் இடைவெளியில் ஏறக்குறைய 80 தொனிகளை ஒரே நேரத்தில் அனுப்பும். மனிதப் பேச்சைப் போலவே தாழ்ந்த பக்கம் கனமாகவும் உயர்ந்த பக்கம் லேசாகவும் எடை போட்டிருப்பார்கள். இதைக் கொடுத்துக்கொண்டே ஒலி அளவை 50, 65, 80 என்று ஏற்றும்போது திரையில் கெயின் கோட்டைப் பார்க்க வேண்டும். நல்ல மிஷினில் கோடு வழவழப்பாக இருந்து மெல்லத் தாழும். மோசமான மிஷினில் 80க்கு வரும்போது கோடு ரம்பப் பல்லாக உடைந்துவிடும். பல தொனிகள் ஒன்றோடொன்று மோதி, இல்லாத தொனிகளை உண்டாக்குவதன் அடையாளம் அது. இன்டர்மாடுலேஷன் டிஸ்டார்ஷன் என்பார்கள்.

இது ஏன் முக்கியம்? யாரும் நம்மிடம் ஒற்றைத் தொனியில் பேசுவதில்லை. ஒற்றைத் தொனிச் சோதனையில் 2 சதவீதம் காட்டும் மிஷின்கூட, கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து பேசும்போது தடுமாறலாம். தலைமையாசிரியரின் மிஷினிலும் ரிசீவர் மாற்றும் முன் 50இல் கோடு வழவழப்பு, 65இல் லேசான நடுக்கம், 80இல் பற்கள். வீட்டில் மெதுவாகப் பேசினால் பரவாயில்லை, பேரப்பிள்ளைகள் கத்தினால் ஒன்றும் புரியவில்லை என்று அவர் சொன்னதற்குத் திரையில் சாட்சி. எனக்குத் தெரிந்து ஒரு நோயாளியின் புகாரை இவ்வளவு நேரடியாகக் காட்டும் சோதனை வேறு இல்லை. சதவீத எண்ணை வீட்டாருக்கு விளக்க நேரம் பிடிக்கும். உடைந்த கோட்டைக் காட்டினால் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

டிஜிட்டல் மிஷினை நோயாளியின் சொந்த செட்டிங்கிலேயே அளக்க 'டிஜிட்டல் ஸ்பீச்' என்ற இன்னொரு சிக்னல் இருக்கிறது. அதே காம்போசிட்டைத் துண்டு துண்டாக விட்டு விட்டுத் தரும்; மிஷின் அதை இரைச்சல் என்று அடக்காமல் பேச்சாக எடுத்துக்கொள்ளும். தினசரி வேலையில் நான் அதிகம் தொடுவது இதைத்தான்.

பேட்டரிச் சோதனையைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்கவே கூடாது. பேட்டரி வடிவிலேயே ஒரு போலி வில்லை வரும், அதை மிஷினுக்குள் வைத்து மூடினால் எத்தனை மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று தெரியும். ஓர் அம்மா, "பேட்டரி ஒரு வாரந்தான் வருது, கம்பெனி பேட்டரியே இப்ப மட்டமாயிருச்சு" என்று வந்தார். 1.2 மில்லி ஆம்பியர் இழுக்க வேண்டிய மிஷின் 3.6 இழுத்துக்கொண்டிருந்தது. 13 நம்பர் பேட்டரியில் சுமார் 300 மில்லி ஆம்பியர்-மணி இருக்கும். 1.2 என்றால் தினம் 12 மணி நேரம் போட்டு இருபது நாள் வர வேண்டும், 3.6 என்றால் சரியாக அந்த ஒரு வாரம். உள்ளே ஈரம் ஏறிப் பச்சை பூத்திருந்தது. பேட்டரி மேல் குற்றமே இல்லை.

மிஷின் ஒலியை உள்வாங்கி வெளியே விட எத்தனை மில்லி விநாடி எடுக்கிறது என்பதையும், அலையின் திசை தலைகீழாக இருக்கிறதா என்பதையும் 7000 காட்டும். இரண்டு காதுக்கும் மிஷின் போடுகிறவருக்கு ஒன்றில் ரிசீவர் மாற்றிக் கம்பியை மாற்றிப் பற்றவைத்துவிட்டால், சத்தம் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் தலைக்குள் ஏதோ ஒட்டாமல் இருக்கிறது என்பார். அதைக் காதால் கண்டுபிடிப்பது கஷ்டம். இங்கே திரையில் ஒரே பார்வை.

குறைகளுக்கு வருகிறேன். ஒலிப்பெட்டி மூடியிருந்தாலும் தாழ்ந்த அலைவரிசைச் சத்தம் கொஞ்சம் உள்ளே நுழையத்தான் செய்யும். கீழே பஸ் நின்று கிளம்பும்போது மிஷினின் உள்ளிரைச்சல் அளவு தாறுமாறாக ஏறும். நல்ல மிஷினைக்கூட இரைச்சல் மிஷின் என்று காட்டிவிடும். ஆகவே உள்ளிரைச்சல் சோதனையைக் காலையில் கடைகள் திறக்கும் முன் வைத்துக்கொள்கிறேன். தரைத்தளத்தில் சாலையோரம் கிளினிக் வைத்திருப்பவர்கள், பெட்டியைச் சுவரை ஒட்டி வைக்காமல் கனத்த ரப்பர் விரிப்பின் மேல் உள் அறையில் வையுங்கள்.

பிரிண்டர் தெர்மல் பேப்பரில் அடிக்கிறது. நம் ஊர் வெயிலில் அந்தத் தாள் மங்கிப்போகும். அடித்த உடனே செல்போனில் படம் எடுத்து நோயாளிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன், ஒரு நகல் என் கோப்புக்கு.

அளவு 8000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 10,000 வரை தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் புது மிஷின்களின் அந்த மேல் துண்டை இதில் பார்க்க முடியாது. தமிழ்ப் பேச்சுக்கு 8000 போதும் என்பது என் அனுபவம். ஸ, ஷ ஒலிகளின் உயிர் பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது. பாட்டு கேட்பவர்களுக்குப் போதாமல் போகலாம்.

இதைவிடப் பெரிய எல்லை, 2 சிசி கப்ளர் காது ஆகிவிடாது என்பது. கைக்குழந்தையின் காதுக்குழி மிகச் சின்னது. கப்ளரில் 110 காட்டும் மிஷின் குழந்தையின் காதுக்குள் அதைவிடப் பல டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். அந்த வித்தியாசத்தைக் காதுக்குள் மெல்லிய ட்யூப் விட்டு அளந்துதான் செட்டிங் போட வேண்டும். 7000இல் அதற்கான ரிமோட் யூனிட்டும் உண்டு, நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அசையும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மெனுக்களுக்குள் போய் வருவது சிரமம். இந்த வேலைக்கு கனடாவின் ஆன்டாரியோவில் செய்யப்படும் ஆடியோஸ்கேன் வெரிஃபிட் மேல். நிஜப் பேச்சை ஓடவிட்டு, பேச்சின் எந்தப் பகுதி அந்தக் குழந்தைக்குக் கேட்கிறது, எது கேட்கவில்லை என்று ஒரே படத்தில் காட்டும். புது வெரிஃபிட்2இல் 0.4 சிசி கப்ளரும் உண்டு, 8000க்கு மேலும் நம்பி அளக்கலாம். பொருத்துவதற்கு அது, பழுது பார்க்க இது என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது, குழந்தைகள்தான் அதிகம் வருகிறார்கள் என்றால் யோசிக்காமல் வெரிஃபிட் பக்கம் போங்கள். என்னைப் போல் வருகிறவர்களில் பாதிக்கு மேல் பழைய மிஷினும் பழைய புகாருமாக வரும் பெரியவர்கள் என்றால் ஃபோனிக்ஸ்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆன்லைனிலும் பொருட்காட்சியிலும் ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் 'காது ஆம்ப்ளிஃபயர்' ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். அதிகபட்ச ஒலி 128 டெசிபல், 500 ஹெர்ட்ஸில் டிஸ்டார்ஷன் 20 சதவீதத்துக்கு மேல். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2022 அக்டோபரில் அமெரிக்காவில் சீட்டு இல்லாமல் வாங்கும் காது மிஷின்களுக்கு அனுமதி தந்தபோது, ஒலி 111 டெசிபலைத் தாண்டக்கூடாது, சத்தத்துக்கு ஏற்ப அடக்கும் வசதி இருந்தால் 117 வரை போகலாம், டிஸ்டார்ஷனும் இரைச்சலும் சேர்த்து 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதித்தார்கள். அந்தப் பெரியவருக்கு மிச்சமிருக்கும் கேட்கும் திறனையும் அந்த 128 தின்றுவிடும். அளவுத் தாளைக் காட்டி, மகனை அழைத்துப் பேசி, அதைப் போடாமல் நிறுத்தினோம்.

காது மிஷின் வைத்திருப்பவர்கள் உங்கள் ஆடியாலஜிஸ்டிடம் "பாக்ஸ்ல வச்சு அளந்து பிரிண்ட் குடுங்க" என்று கேளுங்கள். புது மிஷினுக்கு வாங்கிய அன்றே ஒன்று, சர்வீஸ் போய் வந்தால் ஒன்று. வாங்கிய நாள் தாள் கையில் இருந்தால்தான் பின்னால் எது மாறியது என்று சொல்ல முடியும். அளக்கும் வசதி இல்லாத இடத்தில், 'பழகிடும்' என்ற பதிலோடு திரும்பி வர வேண்டாம்; வசதி உள்ள இடத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

பழைய 7000 ஒன்று விலைக்கு வந்தால் வாங்கலாமா என்று கேட்கும் சக ஆடியாலஜிஸ்டுகளுக்கு: வாங்கலாம், சிலவற்றைப் பார்த்துக்கொண்டு. முதலில் மைக். 1000 ஹெர்ட்ஸ், 94 டெசிபல் தரும் கேலிப்ரேட்டர் ஒன்றை இரவல் வாங்கிப் போய் எண் ஒத்துவருகிறதா பாருங்கள். மூடியின் விளிம்பு ஃபோம் பொடியாகிப் போயிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். நம் ஊர் சூட்டில் முதலில் போவது அதுதான். போலி பேட்டரி வில்லைகள் 10, 312, 13, 675 நான்கும் இருக்கின்றனவா என்று எண்ணி வாங்குங்கள், கப்ளர்களின் திருகு மரை தேயவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்புறம் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த, சரியாக ஓடும் ஒரு மிஷினை விவரத்தாளோடு எடுத்துப்போய் அங்கேயே முழுச் சோதனை ஓட்டுங்கள். அப்படி நான் எடுத்துப்போன மிஷினை இன்னும் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் முதல் நோயாளி வருவதற்குள் அதை ஒரு முறை பெட்டியில் வைத்து, போன வாரத் தாளோடு ஒப்பிட்ட பிறகுதான் மற்ற மிஷின்களைத் தொடுவேன்.